அப்பளத்துக்குள் ஒரு பாலைவனம் இருக்கிறது, தெரியுமா?

காய்ந்த எண்ணெயில் விழுந்த மறுநொடியே அப்பளம் படபடவென்று விரிகிறதே, அந்த மாவில் உளுந்தும் உப்பும் பெருங்காயமும் தவிர இன்னொரு ஆளும் ஒளிந்திருக்கிறார். நம் பாட்டிமார்கள் அவரை அப்பளக்காரம் என்பார்கள். அப்பளத்துக்கே பேர்போன பிக்கானீரில் அவர் பெயர் சாஜி. இன்று பொட்டலத்தில் வரும் இந்தக் காரம் ஒரு காலத்தில் எதிலிருந்து வந்தது தெரியுமா? ஒரு செடியைக் கொளுத்திய சாம்பலிலிருந்து!

ராஜஸ்தானில் தொடங்கி குஜராத்தின் கட்ச், எல்லை தாண்டி சிந்து என்று விரிந்து கிடக்கிறது தார்ப் பாலைவனம். அதன் உவர்மண்ணில் லானா என்றொரு புதர்ச்செடி முளைக்கும். நம் உப்பளக் கரைகளில் சதைப்பிடிப்பாக நிற்கும் உமரிச்செடிக்குத் தூரத்துச் சொந்தம். மற்ற பயிர்கள் கருகிப்போகும் மண்ணில் இது சோடியத்தை உறிஞ்சித் தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்ளும். காயவைத்துக் குழியில் போட்டு எரித்தால் சாம்பல் உருகிக் கட்டிதட்டும். அந்தக் கட்டியில் முக்கியமாக இருப்பது சோடியம் கார்பனேட். அதைக் கரைத்து மாவில் சேர்த்தால் பருப்பின் புரதம் இளகி நீரைப் பிடித்துக்கொள்ளும். மாவு கிழியாமல் காகிதம்போல் இழுபடும், பொரியும்போது சீக்கிரம் பொன்னிறமாகும்.

இந்த வகைச் செடிச் சாம்பலுக்கு அரபியில் ‘அல்-கலி’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அமிலம், ‘ஆல்கலி’ என்று மனப்பாடம் செய்தோமே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் இதுதான். ஐரோப்பாவும் கண்ணாடிக்கும் சோப்புக்கும் இப்படிப்பட்ட சாம்பலைத்தான் நம்பியிருந்தது. அது பற்றாமல் போகவே, சாதா உப்பிலிருந்து சோடா செய்து காட்டுபவருக்குப் பரிசு என்று 1775-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. வழி கண்டுபிடித்த லெப்லாங்க் 1791-ல் காப்புரிமை வாங்கினார். நவீன ரசாயனத் தொழிலின் தலைச்சன் பிள்ளை என்றே இதைச் சொல்லலாம். பிக்கானீர் அப்பளக்கட்டைகளோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் உருண்டுகொண்டிருந்தன.

இந்தச் சாஜியை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் துணி வெளுக்கும் இடத்தில் மறுபடி சந்திப்போம். தாரில் எல்லாமே அப்படித்தான். தண்ணீரும் விறகும் அரிதான ஊரில் ஒரு பொருள் ஒரே ஒரு வேலைக்கு என்று இருந்தால் கட்டுப்படியாகாது. அடுப்படியில் இருப்பதே சாயப்பட்டறையிலும் இருக்கும், சாயப்பட்டறையில் இருப்பதே வீட்டுச் சுவரிலும் இருக்கும்.

சரி, அப்பளத்தை விட்டுக் கம்புக்கு வருவோம். மார்வாடில் பாஜ்ரா, நமக்குக் கம்பு. கம்பு நிறம் மாறும், தெரியுமா? சாம்பல் பூத்த மாவைப் புளித்த மோரில் கரைத்துப் பாருங்கள், வெளுத்துப்போகும். அதே மாவில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டால் பச்சை கலந்த மஞ்சளுக்குத் தாவும்! கம்பின் மேல்தோலை ஒட்டியுள்ள ஃபிளேவோன் வகை நிறமிகளின் வேலை இது. பரிசோதனைக் கூடத்தின் லிட்மஸ் தாள் செய்வதை நம் கூழ்ச்சட்டி ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. கம்பு மாவை அரைத்துப் பத்து நாள் வைத்தால் ஏன் கசக்கிறது என்பதற்கும் பதில் உண்டு. தானியங்களில் கம்புக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம், நூற்றுக்கு ஐந்து பங்கு வரை. முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறையில் குடியிருக்கின்றன. திரிகையில் விழுந்ததும் சுவர் இடிந்து இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் பாலைவன வீடுகளில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரைத்தார்கள்.

மிஞ்சிய மாவு மோரில் கரைந்து மண்சட்டியில் வெயிலில் உட்காரும். புளித்தபின் காய்ச்சினால் அதன் பெயர் ராப்டி. நம் கம்பங்கூழின் வடநாட்டுத் தம்பி. (அல்வாக்கடை ரப்டி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கம்பில் இரும்புச்சத்து நிறைய இருந்தும் அதைப் பூட்டி வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் என்றொரு காவலாளி உண்டு. புளிக்கப் புளிக்க அந்தக் காவல் தளர்கிறது. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் ஆச்சரியம். காச்ரி என்று ஒரு குட்டி வெள்ளரி. விதைக்காமலே மழைக்குப் பின் மணலில் படர்ந்து, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாகக் காய்க்கும். நறுக்கி வற்றலாக்கிப் பொடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பொடியைத் தடவி வைத்தால் ஆட்டுக்கறி பஞ்சாகிவிடும்! புரதத்தை வெட்டும் நொதி அதில் இருக்கிறது. நாம் கறி வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே தந்திரம்தான். விறகு கிடைக்காத ஊரில் அரைமணி அடுப்பை மிச்சப்படுத்துவது சின்ன விஷயமா?

கேர் என்று ஒரு காய், பட்டாணி அளவு. இலையே இல்லாததுபோல் நிற்கும் முட்புதரில் காய்க்கும். பச்சையாகக் கடித்தால் கசப்பும் காரமும் நாக்கைச் சுண்டும். கடுகைக் காரமாக்கும் கந்தகச் சேர்மங்களின் உறவினர்கள் இதிலும் உண்டு. நாள்கணக்கில் உப்புநீரிலோ மோரிலோ ஊறினால்தான் காய் வழிக்கு வரும். ஆதண்டங்காயையும் சுண்டைக்காயையும் மோரில் போட்டு வற்றலாக்கிய வீட்டாருக்கு விளக்கவே வேண்டாம். ஆதண்டையும் கேரும் ஒரே குடும்பம் என்பதைமட்டும் சொல்லி வைக்கிறேன். கேருக்கு ஜோடி சாங்ரி. அது எந்த மரத்துக் காய் தெரியுமா? நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிறதே வன்னி, அதன் காய்! அங்கே அந்த மரத்துக்குக் கேஜ்ரி என்று பெயர். அந்த மரத்தைச் சுற்றி, சுண்ணாம்புக்காக உயிர்கள் போன கதை ஒன்று பின்னால் வரும்.

கேரும் சாங்ரியும் சேரும் ஐங்கூட்டுக் கறியில் கும்மட் என்ற விதையும் உண்டு. அந்தக் கும்மட் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் கசியும். உலகச் சந்தை ‘கம் அராபிக்’ என்று விலை வைக்கும் சரக்கு. குளிர்காலத்தில் இந்தப் பிசினைச் சூடான நெய்யில் போட்டுப் பொரித்து லட்டு பிடிப்பார்கள். கல்லுமாதிரி இருந்த கட்டி பொரிபோல உப்பி வாயில் நொறுங்கும், காரணம் உள்ளே சிறைப்பட்டிருந்த கொஞ்சம் ஈரம் நெய்ச்சூட்டில் ஆவியாக வெடித்துக் கிளம்புவது. இதே பிசினைச் சுண்ணாம்போடு குழைத்துத் துணியில் அச்சடித்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. லட்டுப் பிசின் இப்போது துணிக்குக் கவசம்!

துணி என்றதும் அஜ்ரக். கட்ச்சிலும் பாட்மேரிலும் சிந்துவிலும் அச்சாகும் நீலமும் சிவப்பும் கறுப்புமான அந்தத் துணியைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அரபியில் ‘அஸ்ரக்’ என்றால் நீலம், அதுதான் பெயர்க்காரணம் என்பார்கள் ஒரு சாரார். ‘ஆஜ் ரக்’, அதாவது ‘இன்றைக்கு அப்படியே வை’ என்பதுதான் என்று சிரிப்பார்கள் அச்சடிப்பவர்கள். அவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது. பதினைந்துக்குக் குறையாத கட்டங்கள், பாதிக் கட்டங்களில் வேலையே சும்மா காத்திருப்பதுதான்.

முதல் கட்டத்தில் பழைய நண்பர் சாஜி வந்துவிடுகிறார். சோடா, விளக்கெண்ணெய், ஒட்டகச் சாணம் மூன்றையும் கரைத்து அதில் துணியை முக்கி எடுத்துக் குவித்து வைப்பார்கள். முகம் சுளிக்க வேண்டாம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு! நூலுக்குள் ஒட்டியிருக்கும் மெழுகையும் கஞ்சியையும் அது கழற்றிவிடுகிறது. அடுத்து கடுக்காய்த் தண்ணீர். கடுக்காயின் துவர்ப்பு, அதாவது டானின், பருத்தி இழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரப்போகும் உலோகத்துக்காகக் காத்திருக்கும்.

கறுப்பு வரும் விதம் இருக்கிறதே! துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், தேய்ந்த லாடம், இவற்றை வெல்லத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் மூடி வைக்கிறார்கள். வெல்லம் புளித்துக் காடியாகிறது, காடி இரும்பைத் தின்கிறது. கிடைக்கிற கரைசலைப் புளியங்கொட்டை மாவில் கெட்டிப்படுத்தி அச்சில் தொட்டுக் கடுக்காய் ஊறிய துணியில் வைத்தால், இரும்பும் துவர்ப்பும் காற்றில் கைகோத்துக் கன்னங்கறுப்பாகும். அந்தக்காலத்துக் கடுக்காய் மையும் ஐரோப்பியரின் பழைய எழுத்து மையும் இதே வினைதான். எழுத்துக்கு உதவிய மை அங்கே பூவும் நட்சத்திரமுமாகத் துணியில் உட்கார்கிறது.

சிவப்புக்குப் படிகாரத்தை அச்சடிப்பார்கள். அடித்த இடத்தில் நிறம் அவ்வளவாகத் தெரியாது. நீலத்தொட்டி முடிந்தபின் துணியை அலிசரின் என்ற சாயம் கொதிக்கும் அண்டாவில் இறக்குவார்கள். ஒரே அண்டா, ஒரே சாயம், ஆனால் படிகாரம் பட்ட இடம் ரத்தச் சிவப்பு, இரும்பு பட்ட இடம் கறுப்பு! சாயம் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொள்ளும் உலோகம் மாறினால் நிறமே மாறிவிடுகிறது. இந்த அலிசரின் மஞ்சிட்டி போன்ற வேர்களிலிருந்து வந்த பொருள். சோழமண்டலக் கரையில் நம் ஆட்கள் தோண்டியெடுத்த சாயவேரின் சிவப்புக்கும் இதுதான் காரணம். 1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் இதைப் பரிசோதனைக் கூடத்திலேயே செய்து காட்டினார்கள். சாயவேர் விளைந்த நிலங்களின் பிழைப்பு அதோடு சரிந்தது. இந்தக் கதையில் எனக்கு ரசிக்க முடியாத பகுதி அது.

நீலத்தொட்டி தனி வித்தை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் காற்றுப் புகாமல் புளிக்கவைத்து, பிராணவாயுவைப் பறித்துக்கொண்டால்தான் மஞ்சள்பச்சையாகக் கரையும். முக்கி வெளியே எடுக்கும்போது துணி பச்சை. கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலம் பரவும். காற்று தன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது!

இவ்வளவு ரசாயனத்துக்கும் அடியில் தண்ணீரின் குணம் இருக்கிறது என்பதை ஒரு பேரிடர் காட்டிக்கொடுத்தது. 2001 ஜனவரி 26 அன்று கட்ச்சை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, அஜ்ரக்குக்குப் பேர்போன தமட்கா கிராமத்தின் நிலத்தடி நீர் மாறிப்போனது. நீரில் இரும்பு கூடிவிட்டது. வேறு யாருக்கென்றாலும் வாளியில் பழுப்புக்கறை, அவ்வளவுதான். இவர்களுக்கோ துணி முழுக்கக் கடுக்காய். இரும்பு பட்ட இடமெல்லாம் கறுக்குமே! சிவப்பு மங்கியது, வெள்ளை அழுக்கேறியது. அஜ்ரக் அச்சடிக்கும் கத்ரி சமூகத்தாரில் ஒரு பகுதியினர் நல்ல தண்ணீர் தேடி பூஜ் நகருக்குப் பக்கத்தில் ஒரு புது ஊரையே எழுப்பினார்கள். ஊரின் பெயர் அஜ்ரக்பூர். ஒரு சாயவினைக்காக ஊர் இடம்மாறிய கதை வேறெங்கும் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

கட்ச்சிலேயே நிரோணா என்ற ஊரில் ரோகன் ஓவியம். 2014-ல் அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கு இந்தியப் பிரதமர் பரிசாகக் கொடுத்தது இதைத்தான். இதன் மூலப்பொருள் விளக்கெண்ணெய் என்றால் நம்புவீர்களா? வருஷக்கணக்கில் வைத்தாலும் காயாத எண்ணெய் அது, பெயிண்டுக்கு ஆகவே ஆகாது. ஆனால் மணிக்கணக்கில் கொதிக்கக் கொதிக்க அதன் மூலக்கூறுகள் நீரைக் கழற்றிவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. எண்ணெய் தேன்பாகாகி, பிறகு ஜவ்வாகிறது. வண்ணம் கலந்து, கம்பியால் தொட்டு, நூல்போல இழுத்துத் துணியில் விடுகிறார்கள், தூரிகையோ கம்பியின் முனையோ துணியில் படுவதில்லை! பாதி வரைந்து மடித்தால் மறுபாதி தானே பதிந்துவிடும். குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்து நம்மை ஓட ஓட விரட்டிய அதே எண்ணெய்தான்.

நிரோணாவின் இன்னொரு கெட்டிக்காரத்தனம் செம்புமணி. இரும்புத் தகட்டை வளைத்து மணியாக்கி, பித்தளைத்தூளும் வெண்காரமும் தடவி, களிமண்ணால் பொதிந்து உலையில் போடுவார்கள். மூடிய மண்ணுக்குள் காற்றுப் புக வழியில்லை. உலோகம் உருகி, இரும்பின் இடுக்குகளில் ஓடி ஒட்டிக்கொள்ளும். மண்ணை உடைத்தால் தங்கம்போல மணி.

இப்போது வன்னிமரக் கதை. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி வரை சுட்டால்தான் கரியமிலவாயு கழன்று சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அந்தச் சூட்டுக்கு விறகு வேண்டும், பாலைவனத்தில் விறகுக்கு எங்கே போவது? 1730-ல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்புச் சூளை எரிக்க கேஜ்ரலி கிராமத்து வன்னிமரங்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் முதலில் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரோடு சேர்த்து 363 பேர் வெட்டுப்பட்டு இறந்தார்கள். ‘சிப்கோ’ என்று இருபதாம் நூற்றாண்டில் பேசப்பட்ட மரம்காக்கும் இயக்கத்துக்கு இருநூறு வருடத்துக்கும் மேல் முந்தைய சம்பவம். சுண்ணாம்பு பூசிய பழைய சுவரைத் தடவும்போதெல்லாம் அதை வேகவைத்த விறகும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

அந்தச் சுவரும் லேசுப்பட்டதல்ல. ராஜஸ்தானின் ஷேகாவதிப் பக்கத்து ஹவேலிகளில், அதாவது பழைய மாளிகைகளில், நீர்த்த சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து, தயிர் சேர்த்துக் கடைந்து, பூசி, ஈரம் காயுமுன் வண்ணம் தீட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூளையில் போன கரியமிலவாயுவைச் சுவர் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படுகிறது. அவர்கள் தயிர் சேர்த்தார்கள், நம் செட்டிநாட்டார் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் வட்டிக்கடையும் வணிகமும் தெரிந்த குடும்பங்கள், இரண்டு பக்கமும் முகம் தெரியும் சுவர்கள்!

சாம்பர் ஏரியைத் தொடாமல் போகக்கூடாது. இந்தியாவின் உள்நாட்டு உப்பு ஏரிகளில் மிகப் பெரியது. வெயில் ஏற ஏற பாத்தி நீர் இளஞ்சிவப்பாகும். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா என்ற பாசியும் வெயிலுக்குக் குடையாகத் தயாரிக்கும் நிறமி அது, கேரட்டின் நிறமிக்குச் சொந்தம். பூநாரையின் சிவப்பும் இப்படித் தின்ற நிறம்தான். தூத்துக்குடிக் கடல்நீரில் மெக்னீசியம் உண்டு, அதனால்தான் சுத்தம் செய்யாத கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் அழுகிறது. சாம்பர் நீரில் மெக்னீசியம் பெயருக்குத்தான். அதற்குப் பதில் சோடாவும் சோடியம் சல்பேட்டும் கலந்திருக்கும்.

தாகமா? மண்பானையில் சின்னக் கணக்கு ஒன்று. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கணக்குப்படி ஒரு லிட்டரில் வெறும் 17 மில்லி, அதாவது மூன்றரைத் தேக்கரண்டி, கசிந்து ஆவியானால் மீதித் தண்ணீர் 10 டிகிரி குளிரும்! ஜெய்சல்மேரின் வறண்ட காற்று இதற்கு வாய்ப்பான காற்று. சென்னையில் அதே பானை திணறுவதற்குப் பானையைக் குறைசொல்லாதீர்கள், ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்று எவ்வளவுதான் குடிக்கும்?

குடிக்க ஒட்டகப் பாலும் உண்டு. ஆனால் அதில் நல்ல தயிர் உறையாது, தெரியுமா? பால்புரதத்தைப் பின்னி இறுக்குவதில் முக்கியமான கப்பா-கேசின் என்ற பொருள் பசும்பாலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. உறை ஊற்றினால் தளதளவென்று நிற்காமல் தண்ணியாகவே தள்ளாடும். பசுங்கன்றின் வயிற்று நொதியான ரென்னெட்டைப் போட்டாலும் சீஸாகத் திரளாது. இதற்கு நேரெதிர் ஒன்று கேளுங்கள். ஒட்டகக் கன்றின் நொதி பசும்பாலைத் திரட்டுகிறது, அதுவும் பசுங்கன்றின் நொதியைவிட நன்றாக! இன்று சீஸ் ஆலைகளில் அந்த ஒட்டக நொதியை நுண்ணுயிர்களை வைத்தே தயாரித்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஒட்டகப் பால் உறையாத அதே சீமையில்தான், உறையே ஊற்றாமல் பாலைத் தயிராக்கும் கல் என்று ஒன்றை விற்கிறார்கள். ஜெய்சல்மேர் மாவட்டத்து ஹாபூர் கிராமத்துக் கல். பழுப்பும் மஞ்சளுமாகப் புதைபடிவங்கள் பதிந்த அழகான கல், அதில் கிண்ணம் குடைந்து சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். இரவில் பாலை ஊற்றினால் காலையில் தயிர் என்கிறார்கள். கல்லின் தாதுக்கள் செய்கிற மாயம் என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். எனக்கு அது இறங்கவில்லை. கழுவாத தயிர்ச்சட்டியில் பாலை ஊற்றினாலும் மறுநாள் உறைந்துதான் கிடக்கும், நாலு மிளகாய்க் காம்பைப் போட்டாலும் உறையும். நுண்துளை உள்ள எந்தக் கல்லிலும் பழைய தயிரின் பாக்டீரியா குடியிருக்க இடமுண்டு. அங்கே போகிறவர்கள் ஒரு கிண்ணம் வாங்கி வாருங்கள், விலை பேசி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டு அரைமணி நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். காய்ச்சி ஆறிய பாலை அதில் பாதி, கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றி இரண்டையும் மூடி வையுங்கள். விடிந்தபின் கல்லில் மட்டும் கெட்டித் தயிர் நின்றால் எனக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடுங்கள். அடுத்த வண்டிக்கே ஜெய்சல்மேருக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.